பேச்சி சூடிய மாலை

சேத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் இராஜபாளையம் வந்து இறங்கிய மாரிக்கனியின் கட்டைப்பைக்குள் ஒரு மாலை இருந்தது. சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும் கலந்து கட்டிய கனத்த மாலை. வாடிவிடக் கூடாதென்று ஈரமான பேண்டேஜ் காஸ் துணியில் சுற்றி, அதன்மேல் வாழையிலையை மடக்கி வைத்திருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பூ வாசத்தை முகர்ந்துவிட்டு, "கோயிலுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

கோயிலுக்கு இல்லை. அந்த மாலை நேற்று சாயங்காலத்திலிருந்து விடியும்வரை அவள் மகள் பேச்சிப்பிரியாவின் படத்தில் கிடந்தது. பேச்சி இறந்து நாலு மாதம் ஆகிறது. படத்திலிருந்து கழற்றிய அதே மாலையை இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், மேடையில், அத்தனை பேர் பார்க்கத் தன் முதலாளி விக்னேஸ்வரனின் கழுத்தில் போட வேண்டும். செத்தவர் படத்தில் கிடந்த மாலை உயிரோடு இருப்பவர் கழுத்தில் ஏறக் கூடாது என்பது அந்தச் சீமையில் நண்டு சிண்டுக்கும் தெரியும். ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் அதற்கு அவ்வளவு பலம்.

அவர் செத்துப்போக வேண்டும் என்றெல்லாம் மாரிக்கனி நினைக்கவில்லை. அவர் பயப்பட வேண்டும். ஒரு தும்மல் வந்தாலும் இது எதனால் வந்தது என்று யோசிக்க வேண்டும். படுக்கும்போது கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் அவள் நடக்க வந்திருந்தாள். மற்ற எல்லோரும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட நடக்க வந்திருந்தார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மில் வேலைக்காரர்கள், பேண்டேஜ் கம்பெனிப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், தொப்பி வைத்த கடைக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை டீ-சர்ட் போட்டிருந்தார்கள். மாரிக்கனி கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தபோது யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். கூட்டம் மொத்தமும் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அவள் நின்றிருந்ததும் அந்தப் பக்கம்தான். அத்தனை நெஞ்சிலிருந்தும் பேச்சி அவளைப் பார்த்தாள்.

பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது. எண்ணெய் வழியச் சீவி, சிவப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய சடை. முன்பல் விழுந்திருந்த சமயம் என்பதால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை விக்னேஸ்வரன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து கேட்டு வாங்கிப் போயிருந்தார். வாங்கிப் போனதை அப்படியே போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் கொடுத்து வெளுக்க வைத்திருந்தார்கள். நாவல்பழம் மாதிரி கருகருவென்று இருந்த பிள்ளையின் முகம் மைதா மாவு பூசியதுபோல் இருந்தது. உதட்டில் லேசாகச் சாயம் வேறு.

"எக்கா, இங்க வா. ஒனக்கு ஒண்ணு எடுத்து ஒளிச்சி வச்சிருக்கேன்" என்று பாண்டிசெல்வி கையை ஆட்டினாள். விக்னேஸ்வரனின் பேண்டேஜ் கம்பெனியில் மாரிக்கனிக்குப் பக்கத்து மேஜையில் துணி மடிக்கிறவள். "பெரிய சைஸ் எல்லாத்தையும் ஆபீஸ்காரவுக தூக்கிட்டாவ. இத சேலைக்கு மேல மாட்டிக்கோ. தலகாணிக்கு உறை போட்ட மாதிரிதான் இருக்கும். நான் மட்டும் என்ன, கண்ணாடியப் பாத்து பயந்துட்டுல்லா வாரேன்."

மாரிக்கனி டீ-சர்ட்டை விரித்துப் பார்த்தாள். "எம்புட்டு வெளுப்பாக்கிட்டாவ பாத்தியா செல்வி."

பாண்டிசெல்விக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமாக்கா. நம்ம பேச்சி மாதிரியே இல்ல."

"இல்லதான்" என்று சொல்லிவிட்டு அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டாள் மாரிக்கனி.

பேச்சி இறந்தது ஐப்பசி அடைமழைக் காலத்தில். கம்பெனிக்குள் போகும்போது செல்போனைக் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவசரம் என்றால் வெளியிலிருந்து ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட வேண்டும், ஆபீஸில் இருப்பவர்கள் ஆளை அனுப்பிச் சொல்வார்கள். பல வருஷமாக அப்படித்தான். அன்றைக்குத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் புறப்பட வேண்டியிருந்தது. கப்பலேறப்போகும் முதல் சரக்கு. மடிக்கிற பெண்களை மூத்திரத்துக்குக்கூட எழ விடவில்லை. பேச்சிக்கு ரெண்டு நாளாக அடித்த காய்ச்சல் காலையில் விட்டிருந்ததால் பள்ளிக்கூடம் போயிருந்தாள். வகுப்பில் சுருண்டு விழுந்தாள். டீச்சர் ஆபீஸுக்குப் போன் செய்தார். எடுத்துப் பேசியவர் விக்னேஸ்வரன்.

"வந்துக்கிட்டு இருக்காங்க" என்றார்.

டீச்சர் பிள்ளையை வராந்தா பெஞ்சில் படுக்க வைத்து, அம்மா வந்துவிடுவாள் என்று காத்திருந்தார். மறுபடி போன் செய்தார். கிளம்பிட்டாங்க, வழியில்தான் இருப்பாங்க என்றார் விக்னேஸ்வரன். மாரிக்கனி அந்த நேரம் ஆபீஸிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் காஸ் துணியை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். லோடு ஏறி, லாரி கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவளிடம் சொன்னார்கள். பெஞ்சில் படுத்துக்கொண்டு பேச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், "எங்கம்மா வருதாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாகவும் டீச்சர் பிறகு அழுதுகொண்டே சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்துவிட்டது. டெங்கு என்றார்கள்.

பட்டாளத்தில் இருக்கும் கணவன் ஜெயபாண்டி அஸ்ஸாமிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியம்வரை இருந்தான், பல்லைக் கடித்தான், லீவு முடிந்ததும் போய்விட்டான். கம்பெனி வாட்ச்மேன் பால்ச்சாமி துட்டி விசாரிக்க வந்தவர், வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு, "நான் பக்கத்துலதான் நின்னேன் தாயி. லோடு ஏறட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்னு சொன்னது மொதலாளிதான்" என்று சொல்லிவிட்டு, யாரும் கவனிக்கும் முன் எழுந்து போனார்.

இதைக்கூட மாரிக்கனி மனசுக்குள் போட்டு மூடியிருப்பாளோ என்னவோ. வீட்டில் இருக்க முடியாமல் அவள் பதினாறு கழிவதற்குள் வேலைக்குப் போனாள். விக்னேஸ்வரன் தூரத்தில் நின்றபடியே, "பதினாறு முடியட்டும்மா. அதுவரைக்கும் நல்ல சரக்கு பக்கம் வந்துராத. வெளிநாட்டுக்குப் போறது, தீட்டு ஆகாது" என்று சொல்லிக் கழிவுப் பஞ்சு போடும் கொட்டகையில் உட்கார வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் பூசணிக்காய் உடைக்கிறவர் அவர். பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பிவிடுவார். துட்டிக்குப் போனால் சட்டையோடு தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுப்படி ஏற மாட்டார். அந்தக் கொட்டகையில், மூக்கில் பஞ்சுத்தூசி அடைக்க உட்கார்ந்திருந்தபோதுதான் மாரிக்கனிக்கு அந்த மனிதர் எதற்குப் பயப்படுவார் என்பது தெரிந்தது.

அவரை எப்படிப் பயப்பட வைப்பது என்பது பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்தது. இறப்புச் சான்றிதழ் விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்குப் போனவள், மதியம் போக்கிடம் இல்லாமல் ஆண்டாள் கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். ஒரு பட்டர் தட்டில் மாலையோடு போனார். "நாச்சியார் சூடிக் களைஞ்சது, வழி விடுங்கோ" என்றார். அந்த ஊரில் அது பழைய கதை. ஒரு பெண் பிள்ளை முதலில் தான் சூடிக்கொண்ட மாலையைச் சாமிக்குக் கொடுத்தாள், சாமி வாங்கிக்கொண்டார். மாரிக்கனி அந்தத் தட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளையும் சூடுகிறாள், அவளும் ஒருத்தருக்குக் கொடுக்கட்டும் என்று நினைத்தாள்.

அப்புறம் மாசி பிறந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடை என்று விக்னேஸ்வரன் அறிவித்தார். ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட பியூலா மிஸ், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், போனில் கூப்பிட்டு, "மேடையில நீங்கதான்மா சாருக்கு மாலை போடணும். ரொம்ப உருக்கமா இருக்கும்" என்றார். மாரிக்கனி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"மாலைய நானே கட்டிக் கொண்டாந்துருதேன் மிஸ்" என்றாள்.

விசில் ஊதியதும் நடை புறப்பட்டது. முன்னால் பலூன் கட்டிய ஒரு லோடு ஆட்டோ ஊர்ந்தது. அதில் ஒரு சின்னப்பெண் கொடி பிடித்து உட்கார்ந்திருந்தாள். ஜெபசீலி என்று பெயர். நெஞ்சில் ஓட்டை இருந்து ஆபரேஷன் செய்து பிழைத்த பிள்ளை. அவள் அம்மா ஆட்டோவைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். ஆட்டோவுக்குப் பின்னால் பேனர், பேனருக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக விக்னேஸ்வரன், புத்தம்புதுச் சிவப்பு ஷூவில். ஆள் நல்ல கறுப்பு, தொந்தியும் தொப்பையும். அவர் தொந்தியில் பேச்சியின் முகம் கொஞ்சம் அகலமாகிப் போயிருந்தது.

இடது பக்கம் மலை நீலமாகக் கூடவே வந்தது. ஊரைத் தாண்டியதும் பனி விலகி, தென்னந்தோப்புகளுக்குள் வெயில் இறங்கியது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. ஜன்னலோரப் பயணிகள் டீ-சர்ட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

"பால்கோவா குடுப்பாவளாம், முடிஞ்சதும்" என்றாள் பாண்டிசெல்வி. "அதுக்காவதான் காலத் தூக்கி வைக்கேன். இல்லைன்னா ஞாயித்துக்கெழமை எவ நடப்பா." கொஞ்ச தூரம் போனதும் மூக்கைச் சுருக்கினாள். "பையில என்னக்கா? பூ வாசமா வருது. ஸ்டேஜ்ல மாலை அவியளே வாங்கி வைக்கலையா?"

"நான் கட்டுனது."

பாண்டிசெல்வி உரிமையோடு பைக்குள் கையை விட்டு இலையை விலக்கினாள். பூவோடு சேர்ந்து ஊதுபத்தி வாசமும் எழுந்தது. ஒரு ரோஜா இதழில் சாம்பல் ஒட்டியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். மாரிக்கனியின் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தையும் அதன் கீழே இருக்கும் ஊதுபத்தி ஸ்டாண்டையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"எக்கா. இது..."

"ஆமா."

"அவிய கழுத்துலயா?"

"அதுக்குத்தான் நடக்கேன்."

ரோட்டோர டீக்கடையைத் தாண்டினார்கள், ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டினார்கள். அப்புறம் பாண்டிசெல்வி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து காஸ் துணியின் மேல் நிதானமாகத் தெளித்தாள். சாம்பல் ஒட்டிய இதழைக் கிள்ளி வெளியே போட்டாள்.

"வாடிருச்சுன்னா சந்தேகப்படுவாவ" என்றாள்.

தண்ணீர் கொடுக்கும் இடத்தில் லோடு ஆட்டோ நின்றது. மாரிக்கனி அதன் நிழலில் ஒதுங்கி நின்றாள். ஜெபசீலி மேலேயிருந்து குனிந்து அவள் டீ-சர்ட்டைக் காட்டினாள்.

"இந்தப் பாப்பா யாரு?"

"எம் மக."

"அவ ஏன் வரல?"

"வந்துருக்காளே. எல்லார் மேலயும் இருக்காள்ல."

ஜெபசீலி சுற்றிப் பார்த்து அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாள். "சிரிக்கவே மாட்டேங்கா."

"முன்பல்லு விழுந்துருச்சு. அதான் வாய மூடிக்கிட்டா."

"எனக்குந்தான் விழுந்துச்சு" என்று அவள் வாயைத் திறந்து காட்டினாள். ஈறில் புதுப்பல் அரிசி நுனிபோல் எட்டிப் பார்த்தது. மாரிக்கனிக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுபடி நடை தொடங்கியபோது விக்னேஸ்வரன் வேகம் குறைந்து பின்னால் வந்தார். புது ஷூ கடித்து நொண்டினார். மாரிக்கனியின் பக்கத்தில் வந்ததும் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"முடியலைன்னா வேன்ல ஏறிக்கிடும்மா."

"நடந்துருவேன் மொதலாளி."

"ஒம் மக பேரு இன்னைக்கு ஊருபூராத் தெரிஞ்சுபோச்சு பாத்தியா. ஆஸ்பத்திரில ஒரு வார்டுக்கு அவ பேரையே வைக்கணும்னு சொல்லிருக்கேன்." அவர் குரல் கரகரத்தது. "எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கா. நெனச்சா மனசு கெடந்து அடிச்சுக்குது."

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. வார்டின் கதவுக்கு மேல் பேச்சியின் பெயர் எழுதியிருப்பதையும், அதன் கீழே தாய்மார்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைவதையும் மாரிக்கனி பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரி வந்தால் எந்தப் பிள்ளையையும் மதுரைவரை தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கையில் பை கனத்தது. இந்த மாலையை இப்படியே ஏதாவது ஒரு கிணற்றில் போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு மாலை வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாமோ என்று ஒரு எண்ணம் வந்தது. ரெண்டு மூன்று எட்டு அந்த எண்ணத்தோடு நடந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாத" என்றார் விக்னேஸ்வரன். "நீயும் அன்னைக்கு ஒடம்பு சரியில்லாத புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருக்கக் கூடாது. மேடையில அதத்தான் பேசப் போறேன். ஒம் பேரச் சொல்ல மாட்டேன். மத்த தாய்மாருக்கு ஒரு பாடமா இருக்கும்லா."

மாரிக்கனி பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"டீச்சர் போன் போட்டாவளாமே மொதலாளி."

"போனா?" அவர் ரோட்டைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தன போன் வருது. அதெல்லாம் யாரு கண்டா." முன்னாலிருந்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். நொண்டலை மறைத்துக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு மாரிக்கனிக்குக் கால் வலிக்கவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகம் வந்தது. கோபுரம் தெரிந்ததும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாண்டிசெல்வி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டினாள். மாரிக்கனி அவளைத் தாண்டி, கல்லூரிப் பிள்ளைகளைத் தாண்டி, பேனருக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

மேடை தேரடிக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில். நாற்காலிகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள், ஓரத்தில் பட்டுப்பாவாடை விரித்து ஜெபசீலி. விக்னேஸ்வரன் நன்றாகப் பேசினார். அதுதான் கொடுமை. ஒரு தாய் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, காய்ச்சல் விட்டதென்று நம்பி அனுப்பிய பிள்ளை திரும்பவில்லை என்று முடித்தார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். நிறையப் பேர் மாரிக்கனியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் சொல்லாவிட்டால் என்ன, அவள் யார் என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

"இப்ப அந்தச் செல்லக்குழந்தையின் தாயார், சாருக்கு மாலை அணிவிப்பாங்க" என்றார் பியூலா மிஸ்.

மாரிக்கனி ஏறினாள். காஸ் துணியை உருவிக் கீழே போட்டுவிட்டு மாலையை விரித்தாள். பூ இப்போதுதான் கட்டியதுபோல் இருந்தது. விக்னேஸ்வரன் கேமராக்கள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கைகூப்பி, தலையைக் குனிந்தார். அவள் போட்டாள். சம்பங்கி அவர் தொந்திவரை இறங்கி, பேச்சியின் முகத்துக்கு ரெண்டு பக்கமும் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவள் அவர் காதோரம் போய்ச் சொன்னாள்.

"இது பேச்சி போட்டுக் கழட்டுனது மொதலாளி. நேத்து பொழுதடைஞ்சதுலேருந்து அவ படத்துலதான் கெடந்துச்சு."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்து ரத்தம் மட்டும் வடிந்து போனது. கூப்பிய கையைப் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. சார் இங்க பாருங்க, சார் இந்தப் பக்கம் என்றார்கள் போட்டோக்காரர்கள். அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். மாரிக்கனி நாலு மாதமாக எதற்காக உயிர் வைத்திருந்தாளோ அதை ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், இனி இறங்கிவிடலாம் என்று திரும்பினாள்.

மேடை வழக்கம் ஒன்றை அவள் மறந்துவிட்டிருந்தாள். மாலை வாங்கிய பெரிய மனிதர்கள் அதை அப்படியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கழற்றுவார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால் அதன் கழுத்தில் போட்டுக் கன்னத்தைத் தட்டுவார்கள். அது பெருந்தன்மை. விக்னேஸ்வரன் மாலையை விரல் நுனியால் தூக்கிக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தவித்தார். அவர் கண் ஓரமாகப் போய் ஜெபசீலியின் மேல் நின்றது. முகத்தில் நிம்மதி வந்தது. கேமராக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையை நோக்கி நடந்தார். ஜெபசீலி ஆசையாகக் கழுத்தை நீட்டினாள்.

மாரிக்கனி எப்படித் திரும்பினாள், எப்படி ஓடினாள் என்பது அவளுக்கே தெரியாது. பிள்ளையின் தலைக்கு மேல் வந்துவிட்ட மாலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நார் அறுந்து பூ கொட்டியது. பியூலா மிஸ் மைக்கோடு பக்கத்திலேயே நின்றார்.

"தெரிஞ்சே போடுதீய" என்றாள் மாரிக்கனி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மைதானத்தின் நாலு மூலை ஸ்பீக்கரிலும் அது கேட்டது. "நான் சொன்ன பொறவும், தெரிஞ்சே இந்தப் புள்ள கழுத்துல போடுதீய."

"என்னம்மா, என்ன இது" என்று யாரோ எழுந்தார்கள்.

"எம் மக படத்துல கெடந்த மாலை இது. அவியளுக்குன்னுதான் கொண்டாந்தேன். இந்தப் புள்ளைக்கு இல்ல."

ஜெபசீலியின் அம்மா மேடைக்கு ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, அதன் கழுத்தை முந்தானையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். "படல தாயி, நான் பிடிச்சுட்டேன்" என்று மாரிக்கனி அவளிடம் சொன்னாள்.

விக்னேஸ்வரன் மைக்கை வாங்கினார். "மக போன துக்கத்துல, பாவம், புத்தி பேதலிச்சு..."

"டீச்சர் திரும்பத் திரும்பப் போன் போட்டாவ" என்றாள் மாரிக்கனி. "வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னது நீங்கதான. நான் மடிச்சுக்கிட்டு இருந்தேன். எம் புள்ள வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தா."

பின்னால், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் பால்ச்சாமி வாயிலிருந்த துண்டை எடுத்தார். "ஆமா. நான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கம்பெனிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையைக் கட்டிக்கொண்டு விக்னேஸ்வரனை முறைத்தார்கள்.

விக்னேஸ்வரன் பதில் பேச வாயைத் திறந்தார். அப்போது அவர் தோளில் ஒரு சம்பங்கி ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். தேள் ஊர்வதுபோல் அதைத் தட்டினார். கழுத்தைத் தடவினார். மறுபடி தடவினார். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், நொண்டிக்கொண்டே மேடையின் பின்பக்கப் படியில் இறங்கினார்.

அங்கே, நடந்து வந்தவர்கள் கால் கழுவ ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் வாளியும் பிளாஸ்டிக் கப்பும் வைத்திருந்தார்கள். அவர் குழாயைத் திறந்து, வாளியை நிரப்பி, ஷூவைக்கூடக் கழற்றாமல் தலையில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். துட்டி வீட்டிலிருந்து வந்தவர் ஊற்றுவதுபோல, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. கூட்டம் மேடையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. போட்டோக்காரர்கள் மட்டும் வேலையைப் பார்த்தார்கள்.

மாரிக்கனி அறுந்த மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பாண்டிசெல்வி வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"போவம்க்கா. ஆபீஸ்காரவுக வருதாவ, வம்பாயிரும். பஸ் இருக்கு."

"செத்த நேரம் இரு."

"இன்னும் என்னக்கா இருக்கு?"

விக்னேஸ்வரன் அடுத்த கப்பை மோந்து ஊற்றினார். நனைந்த வெள்ளைத் துணி அவர் உடம்போடு ஒட்டி, அவர் தோலின் கறுப்பு மேலே தெரிந்தது. ஊற்ற ஊற்றப் படத்தில் பூசியிருந்த வெளுப்பு போனது, உதட்டுச் சாயம் போனது. அவர் நெஞ்சில் பேச்சி தன் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தாள். ரிப்பன் வைத்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, கருகருவென்று. இப்போது அது அவளேதான்.

"எம் புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்" என்றாள் மாரிக்கனி.